எனக்கொரு அளவு, பிறருக்கொரு அளவு



ஒரு பந்து தரையைத் தொட்டதா, தொடுவதற்கு முன்பே அது ஒருவருடைய கைக்குச் சொந்தமாகிவிட்டதா என்ற கேள்விக்காக என் வாழ்நாளில் ஒரு முழு வாரத்தைச் செலவிட்டிருக்கிறேன். உறக்கம் கெட்டது, தொழுகையில் கவனம் சிதறியது, நெடுநாள் நண்பர் ஒருவருடன் மனத்தாங்கலும் ஏற்பட்டது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த வார இறுதியில் என் மகன் கேட்ட ஒரு கேள்வியும், மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு புல்வெளியில் நான் செய்த ஒரு தவறும், நீதியைப் பற்றி நான் அதுவரை படித்திருந்தவற்றை எல்லாம் மீண்டும் படிக்க வைத்தன. ஆகவே எழுதுகிறேன்.

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது காயல்பட்டினம். மாலை நேரங்களில் கால்பந்துத் திடலைச் சுற்றி நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இங்கு வந்த புதிதில், பெரும்பாலும் கையால் வீசியும் கையில் ஏந்தி ஓடியும் ஆடப்படும் ஓர் ஆட்டத்துக்கு இவர்கள் ‘ஃபுட்பால்’ என்று பெயர் சூட்டியிருப்பது எனக்குப் பெரும் வேடிக்கையாக இருந்தது. ஆனால் பிள்ளைகள் பிறந்த ஊரே அவர்களுக்குச் சொந்த ஊர். என் மூத்த மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் டாலஸ் கவ்பாய்ஸ் அணி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகனுக்காகப் பார்க்கத் தொடங்கிய நான், சில ஆண்டுகளில் அவனைவிட அதிகமாகக் கூச்சலிடுபவன் ஆகிப்போனேன்.

அறியாதவர்களுக்காக ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றை ‘டவுன்’ என்பார்கள். அந்த நான்கிற்குள் பத்து யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். வீசப்பட்ட பந்தை ஒருவர் முறைப்படி பிடித்தால் அவர் எட்டிய இடம்வரை அணிக்கு லாபம். பிடி நிறைவேறாமல் பந்து தரையில் பட்டால் அந்த வாய்ப்பு வீண். ஆகவே ‘இது பிடிதானா?’ என்ற கேள்வியில்தான் பல ஆட்டங்களின் முடிவே தொங்கிக்கொண்டிருக்கும்.

2015ஆம் ஆண்டு ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்து கிரீன்பே நகரின் லாம்போ திடலில் கிரீன்பே பேக்கர்ஸ் அணிக்கும் எங்கள் டாலஸ் அணிக்கும் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டும். நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடியிருந்தோம். இடைவேளையின்போது ஜமாஅத்தாக லுஹர் தொழுதோம். அஸ்ர் நேரம் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில்தான் அது நிகழ்ந்தது.

கிரீன்பே 26, டாலஸ் 21. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. டாலஸுக்கு நான்காவது டவுன். தேவை இரண்டு யார்டு. எதிரணியின் 32 யார்டு கோட்டில் பந்து. டோனி ரோமோ அந்த இரண்டு யார்டோடு மனநிறைவு கொள்ளாமல், இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த டெஸ் பிரயண்டை நோக்கி நெடுந்தூரம் வீசினார். தம்மைக் காத்துநின்ற சாம் ஷீல்ட்ஸுக்கு மேலாக உயர எழும்பிப் பந்தைப் பற்றிய பிரயண்ட், கால் ஊன்றி, தடுமாறிச் சாய்ந்தபடியே பந்தை இடக்கைக்கு மாற்றி, கோல் கோட்டை நோக்கிக் கையை நீட்டி விழுந்தார். பந்து தரையில் மோதி ஒருகணம் எகிறியது. அவர் அதை மீண்டும் அணைத்துக்கொண்டார். கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு யார்டு தூரம்தான் மிச்சம். அருகில் நின்ற துணை நடுவர் ‘பிடி நிறைவேறியது’ என்று தீர்ப்பளித்தார்.

அறை அதிர்ந்தது. மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

ஆனால் கிரீன்பே அணியின் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி அந்தத் தீர்ப்பை எதிர்த்து மறுஆய்வு கோரினார். தலைமை நடுவர் ஜீன் ஸ்டெரடோர் காணொளியைப் பார்த்தார். அந்தப் பருவத்திலிருந்து நியூயார்க் தலைமையகத்துடன் கலந்தாலோசிக்கும் வழக்கமும் வந்திருந்தது. திரும்பி வந்தவர் தீர்ப்பை மாற்றினார்: தரையில் விழும் வீரர், விழுந்து முடியும்வரை பந்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை, எனவே இது பிடி அன்று. பந்து கிரீன்பேக்குப் போனது. எஞ்சியிருந்த நான்கு நிமிடங்களை அவர்கள் பந்தைக் கைவிடாமலேயே கழித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

அன்றைய விதி இதுதான்: பிடிக்கும் முயற்சியிலேயே தரைக்குச் செல்லும் வீரர், தரையோடு மோதும் நிகழ்வு முழுவதிலும் பந்தை விடக்கூடாது. இது புதிதாக முளைத்ததன்று. 2010ஆம் ஆண்டு செப்டம்பரில், சிகாகோ நகரில், டெட்ராய்ட் அணியின் கால்வின் ஜான்சன் பந்தைப் பிடித்து, இரு கால்களையும் ஊன்றி, விழுந்து, எழும்போது பந்தைத் தரையில் விட்டதால், வெற்றிக்குரிய டச் டவுன் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த ஆட்டத்திலும் தலைமை நடுவர் இதே ஸ்டெரடோர்தான். அதன்பின் மக்கள் அந்த விதியையே கால்வின் ஜான்சன் விதி என்று அழைத்தார்கள்.

பிரயண்ட் விழுவதற்கு முன்பே பிடியை நிறைவுசெய்துவிட்டாரா என்பதே சச்சரவு. கால் ஊன்றியது, பந்தைக் கை மாற்றியது, கோட்டை நோக்கி நீட்டியது ஆகிய இவை ஒரு தனிச்செயல் ஆகுமானால், அவர் பந்துக்கு உரியவர் ஆகிவிட்டார். அதன்பின் பந்து தரையில் பட்டால் என்ன? அவை எல்லாம் விழுதலின் ஒரு பகுதியே என்றால், பிடி நிறைவேறவில்லை. பந்து தரையில் பட்டதைக் கண்ணால் காணலாம். அதில் தகராறு இல்லை. ஆனால் ‘உரிமை எந்தக் கணத்தில் பிறந்தது?’ என்பது கண் காணும் செய்தி அன்று. ஆராய்ந்து முடிவுசெய்யும் செய்தி.

என் வாதம் வலுவானது என்று அப்போது நம்பினேன். இப்போதும் அதில் பொருள் உண்டு என்றே நினைக்கிறேன். மார்க்கச் சட்டக் கலை பயின்றவர்கள் இரண்டு அடிப்படை விதிகளை அறிவார்கள். ஒன்று, உறுதியானது ஐயத்தால் நீங்காது. உளூச் செய்ததில் உறுதி இருந்து, முறிந்ததில் ஐயம் மட்டும் இருந்தால் உளூ நிலைத்திருக்கும் என்று சிறுவயதில் ஓதிக்கொடுத்தது இந்த விதியின் அடிப்படையில்தான். மற்றொன்று, ஓர் ஆய்வுத் தீர்ப்பு இன்னோர் ஆய்வுத் தீர்ப்பால் முறிக்கப்படாது. உஸ்மானிய ஆட்சியில் 1869க்கும் 1876க்கும் இடையே தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத் தொகுப்பின் தொடக்கப் பகுதியிலும் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. அமெரிக்கக் கால்பந்தின் மறுஆய்வு விதியும் ஏறத்தாழ இதையே சொன்னது: திடலில் வழங்கிய தீர்ப்பை மாற்ற மறுக்கவியலாத காட்சிச் சான்று வேண்டும். அப்படியானால், கண்ணுக்கு எட்டாத ஒரு முடிவை, அதே காட்சியைப் பார்த்த இன்னொருவரின் முடிவால் மாற்றியது எப்படி முறையாகும்?

இதை நான் அன்று மாலையே உரத்த குரலில் எடுத்துவைத்தேன். கூட்டத்தில் ஒரு நண்பர் விஸ்கான்சினில் படித்தவர், பேக்கர்ஸ் பக்தர். “விதி எழுதியிருக்கிறது, நடுவர் வாசித்தார். அதற்கு அவர் என்ன செய்வார் காக்கா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. “நீதி தெரியாதவர்களோடு பேசிப் பயனில்லை” என்று சொல்லிவிட்டு, அஸ்ர் தொழுத கையோடு, தேநீரையும் மறுத்து, குடும்பத்தை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். அவர் வாசல்வரை வந்து ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அலுவலகத்திலும் வீட்டிலும் அதே பேச்சு. அடுத்த சனிக்கிழமை காலை மகனைக் குர்ஆன் வகுப்புக்குக் காரில் அழைத்துச் சென்றேன். வழியெல்லாம் நானே பேசினேன். அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. நெடுநேரம் கழித்துக் கேட்டான்:

“வாப்பா, அதற்கு முந்தின வாரம் டெட்ராய்ட் ஆட்டத்தில் நடுவர் கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, ‘நடுவர் சொன்னால் சொன்னதுதான்’ என்று சொன்னீர்களே. அது அன்றைக்கு மட்டும்தானா?”

நான் வாயடைத்துப் போனேன்.

அந்த நிகழ்வையும் சொல்லவேண்டும். ஜனவரி 4 அன்று, டாலஸை அடுத்த ஆர்லிங்டனில், எங்கள் சொந்தத் திடலில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியுடன் ஆட்டம். நான்காம் கால்பகுதியில் அவர்கள் 20, நாங்கள் 17. டெட்ராய்ட் வீரர் பிராண்டன் பெட்டிக்ருவை நோக்கிப் பந்து வீசப்பட்டபோது, எங்கள் அணியின் ஆண்டனி ஹிச்சன்ஸ் பந்தைப் பாராமலேயே அவர்மீது மோதினார். மஞ்சள் கொடி விழுந்தது. டாலஸ் குற்றம் செய்ததாக ஒலிபெருக்கியில் அறிவித்தும் விட்டார்கள். பிறகு நடுவர்கள் கூடிப் பேசினார்கள். விளக்கம் ஏதுமில்லாமல் கொடி திரும்ப எடுக்கப்பட்டது. குற்றம் இல்லை என்றார்கள். நாங்கள் 24க்கு 20 என்று வென்றோம். அந்த நிகழ்வின்போது, இதே டெஸ் பிரயண்ட் தலைக்கவசம் இல்லாமல் திடலுக்குள் ஓடிவந்து நடுவரிடம் வாதிட்டார். அதற்கும் தண்டம் இல்லை. குறைந்தபட்சம் பிடித்திழுத்த குற்றமாவது அங்கே விதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நடுவர் பிரிவின் தலைவர் டீன் பிளாண்டினோ பின்னர் கூறினார்.

அன்று என் வீட்டில் உஸ்மானியச் சட்டத் தொகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘அறிவித்த தீர்ப்பை எப்படி மாற்றலாம்?’ என்று நான் கேட்கவில்லை. டெட்ராய்ட் நகரில் ஏதோ ஒரு வீட்டில், இதேபோல் ஒரு தகப்பனும் மகனும் வாய்பிளந்து அமர்ந்திருப்பார்கள் என்ற நினைவு என் உள்ளத்தின் அருகில்கூட வரவில்லை. நான் பாயசம் கேட்டேன். அவ்வளவுதான்.

மகனை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடும் மனிதர்களை அல்லாஹ் அங்கே கடுமையாக எச்சரிக்கிறான். அதைக் கடைத்தெருவோடும் தராசோடும் மட்டுமே பொருத்தி ஓதிவந்தேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வாணிகம். தராசில் கை வைக்கக்கூடாது என்பது உம்மாவின் பாலோடு குடித்த பாடம். ஆனால் நியாயத்துக்கும் ஒரு தராசு உண்டு என்பதும், அதில் நான் வாரந்தோறும் கை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஜனவரி 4 அன்று எனக்குச் சாதகமாக வந்தபோது நடுவரின் அதிகாரம் என் அளவுகோல். ஜனவரி 11 அன்று எனக்குப் பாதகமாக வந்தபோது சான்றின் உறுதி என் அளவுகோல். இரண்டும் நல்ல அளவுகோல்களே. எதை எப்போது எடுப்பது என்பதை மட்டும் என் விருப்பம் தீர்மானித்தது.

அந்நிஸா அத்தியாயம் நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும், நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது. விருப்பத்தைப் பின்பற்றி நீதியைக் கைவிட்டுவிடாதீர்கள் என்றும் அங்கேயே எச்சரிக்கிறது. ‘உங்களுக்கு எதிராகவே’ என்பதை முதலில் வைத்ததன் காரணத்தை அந்தக் காரில் அமர்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன்.

இதனால் தீர்ப்பை எதிர்த்து வாதிடவே கூடாது என்று யாரும் பொருள்கொள்ளவேண்டாம். தம் கணவர் விஷயத்தில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடமே வாதிட்ட ஒரு பெண்மணியின் முறையீட்டை அல்லாஹ் செவியுற்றான்; அந்த அத்தியாயத்துக்கு அல்முஜாதலா என்றே பெயர் அமைந்தது. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) வாதிட்டது தமக்கு ஏற்பட்ட உண்மையான இடருக்காக. கேட்கத்தக்க இடத்தில், கேட்கத்தக்க முறையில் கேட்டார்கள். பதிலும் வந்தது. வாதம் பிழையன்று. ஒரே வாய் இரண்டு வாரத்தில் இரண்டு வாதம் பேசுவதுதான் பிழை.

அன்றே நண்பரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “தேநீரைக் குடிக்காமல் போனதற்கு மட்டும்தான் எனக்கு வருத்தம் காக்கா” என்றார். இத்துடன் பாடம் முடிந்தது என்று நினைத்தேன். பாடம் படித்தவனுக்குத் தேர்வும் உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

அவ்வாண்டு ஏப்ரலில் எங்கள் பள்ளிவாசலின் சிறுவர்களுக்காக ஃபிளாக் ஃபுட்பால் போட்டி நடத்தினார்கள். மோதி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் பட்டையை உருவி எதிராளியை நிறுத்தும் ஆட்டம் அது. ‘விதி தெரிந்தவர்’ என்று என்னை நடுவராக நிறுத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் ஓர் அணியில் என் மகன். ஆட்டத்தின் கடைசி வீச்சு. எதிரணியைச் சேர்ந்த மெலிந்த சிறுவன் ஒருவன் மூலையில் பாய்ந்து, பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து விழுந்தான். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். இரு கைகளையும் உயர்த்தினேன். டச் டவுன். அவர்கள் வென்றார்கள்.

உடனே, “வாப்பா, தரையில் பட்டது! பந்து தரையில் பட்டது!” என்று ஒரு குரல். என் மகனின் குரல். அவனுடைய அணியினரும் சேர்ந்து கத்தினார்கள். ஒரு விநாடி தயங்கினேன். பிறகு கைகளைத் தாழ்த்தி, குறுக்காக வீசி, பிடி இல்லை என்று அறிவித்தேன்.

அந்தச் சிறுவனின் தந்தை சூடான் நாட்டைச் சேர்ந்தவர். அமைதியாக என்னிடம் வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “சகோதரரே, நான் தொலைவில் நின்றேன், பார்க்கவில்லை. நீங்கள் அருகில் நின்றீர்கள். பந்து தரையில் பட்டதை நீங்கள் கண்டீர்கள் என்று சொல்லுங்கள், போதும். நான் என் மகனிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்” என்றார்.

“நடுவரின் தீர்ப்பே இறுதியானது” என்றேன்.

அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். “ஜஸாகல்லாஹு கைரன்” என்று சொல்லிவிட்டு மகனின் தோளில் கை வைத்து நடந்தார். என் மகனின் கையில் கோப்பை கொடுக்கப்பட்டது. புகைப்படமும் எடுத்தார்கள். அதில் நானும் இருக்கிறேன்.

அன்றிரவு இஷா தொழுதுவிட்டுப் படுத்தேன், உறக்கம் வரவில்லை. அவர் கேட்டது மிக எளிய கேள்வி. பந்து தரையில் பட்டதை நான் கண்டேனா? இல்லை. நான் கண்டது கைக்குள் இருந்த பந்தை. அதில்தான் எனக்கு உறுதி இருந்தது. அதனால்தான் கைகளை உயர்த்தினேன். அந்த உறுதியை நீக்கியது ஐயம்கூட அன்று, ஒரு குரல். அந்தக் குரல் வேறொருவருடைய பிள்ளையின் குரலாக இருந்திருந்தால் என் கைகள் தாழ்ந்திருக்குமா?

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், தாமும் ஒரு மனிதரே என்றும், தம்மிடம் வழக்காட வருவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையிலிருந்து எதையேனும் கொடுத்துவிட்டால் அவருக்குக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டுதான் என்றும் எச்சரித்த செய்தியை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழி. என் வீட்டு அலமாரியில் ஒரு கோப்பை இருந்தது. இரண்டு டாலர் பெறாத பிளாஸ்டிக் கோப்பை. என் பிள்ளையின் கையில் அதை வைத்தவன் நான்.

அதே இரு நூல்களிலும் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் வழியாக இன்னொரு நபிமொழி உண்டு. ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியாகத் தீர்ப்பளித்தால் இரண்டு கூலி. ஆராய்ந்தும் தவறிவிட்டால் ஒரு கூலி. இதை நினைத்தபோதுதான் கிரீன்பேயில் நடந்ததற்கும் எங்கள் புல்வெளியில் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவானது. ஸ்டெரடோர் தம் முன்னிருந்த விதியை எடுத்து, காட்சியை மீண்டும் மீண்டும் பார்த்து, தமக்குப் பட்டதைச் சொன்னார். அவர் முடிவு தவறு என்று நான் இன்றும் வாதிடலாம். அவர் அளந்த விதத்தில் குறைகாண எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் எதையும் மீண்டும் பார்க்கவில்லை, எதையும் ஆராயவில்லை. அவருடையது ஆய்வு; என்னுடையது மனவிருப்பம். ஒரு கூலிக்கும் தகுதி இல்லாத தீர்ப்பு என்னுடையதே.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் அந்தச் சகோதரரைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். “இதை என்னிடம் சொல்லவேண்டாம். பந்தைப் பிடித்தவனிடம் சொல்லுங்கள்” என்றார். அன்று மாலை என் மகனையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அந்தச் சிறுவனின் முன் அமர்ந்து, “நீ பிடித்தாய். நான் கண்டேன். கண்டதற்கு மாறாகத் தீர்ப்புச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு” என்றேன். கோப்பையை அவன் கையில் கொடுக்கும்படி என் மகனிடம் சொன்னேன். கொடுத்தான். காருக்குள் ஏறியதும் அழுதான். அவன் பொய் சொல்லவில்லை; பந்து தரையில் பட்டதாகவே அவன் கண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவனுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. தவறு செய்தவன் நான். எல்லார் முன்னிலும் கோப்பையை இழந்தவன் அவன்.

பின்னர் அந்த விதிக்கு நேர்ந்ததையும் சொல்லி முடிக்கிறேன். 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க் அணியின் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பிடித்த ஒரு பந்தும் இதே விதியால், காணொளி மறுஆய்வுக்குப் பின் பிடி அன்று என்றானது. நாடெங்கும் சலிப்பு எழுந்தது. 2018 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 32 பேரும் ஒருமனதாக விதியை மாற்றினார்கள். பந்தின்மீது கட்டுப்பாடு, தரையில் இரு கால்கள் அல்லது உடலின் வேறொரு பகுதி, அதன்பின் மூன்றாவது அடி வைத்தல் அல்லது கோட்டை நோக்கிக் கை நீட்டுதல் போன்ற ஒரு செயல். இவை இருந்தால் பிடி. புதிய விதிப்படி பிரயண்டின் பிடி செல்லும் என்று விதிக்குழுவைச் சேர்ந்தவர்களே சொன்னார்கள். ஆனால் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. 26க்கு 21 அப்படியே நிற்கிறது. அதற்குள் ரோமோ ஓய்வு பெற்றிருந்தார். விதி மாறிய சில வாரங்களில் டாலஸ் அணி பிரயண்டையும் விடுவித்துவிட்டது.

“இது என்ன நியாயம் வாப்பா?” என்று அப்போது பதின்ம வயதில் இருந்த மகன் கேட்டான். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நிகழ்ந்ததாக வாரிசுரிமை நூல்களில் வரும் ஒரு வழக்கை அவனுக்குச் சொன்னேன். ஒரு பெண் இறந்துபோகிறாள். கணவர், தாய், தாய்வழிச் சகோதரர்கள், உடன்பிறந்த சகோதரர்கள் இருக்கிறார்கள். கணவருக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று என்று பிரித்தால் சொத்து முழுவதும் தீர்ந்துவிடுகிறது, உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. முதலில் உமர் (ரலி) அவர்கள் அப்படியே தீர்ப்பளித்தார்கள். பின்னர் இதேபோன்ற வழக்கு வந்தபோது, உடன்பிறந்தவர்கள் தங்கள் தந்தையை ஒரு கழுதையாகவே வைத்துக்கொண்டாலும் தாய் ஒருவர்தானே என்று வாதிட்டார்கள். வாதம் ஏற்கப்பட்டது, அவர்களுக்கும் அந்த மூன்றில் ஒன்றில் பங்கு கிடைத்தது. முந்தைய தீர்ப்பை என்ன செய்வது என்று கேட்கப்பட்டபோது, அது அன்று தீர்த்தபடியே இருக்கட்டும், இது இன்று தீர்த்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நேர்மையாக ஆராய்ந்து வழங்கிய பழைய தீர்ப்புகளை எல்லாம் கலைத்துக்கொண்டே போனால் எந்த வழக்குமே முடியாது.

மகன் சற்று யோசித்தான். “அப்படியானால் நம் கோப்பையை மட்டும் ஏன் திருப்பிக் கொடுத்தோம்?” என்றான்.

“அது ஆய்வில் நேர்ந்த பிழை அல்ல. உன் வாப்பா தராசில் கை வைத்தது” என்றேன்.

அவன் இப்போது பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டான். கடந்த ஆண்டிலிருந்து அதே புல்வெளியில் சிறுவர்களுக்கு அவன்தான் நடுவர். ஆட்டம் தொடங்கும் முன் தன் தம்பி இருக்கும் அணியின் ஆட்டத்துக்கு வேறொருவரை நிறுத்திவிடுகிறான். நான் சொல்லிக்கொடுத்து அவன் இதைச் செய்யவில்லை.

பிரயண்ட் அந்தப் பந்தைப் பிடித்தார் என்றே நாங்கள் இருவரும் இன்றும் நம்புகிறோம். விஸ்கான்சின் நண்பர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாதம் நடக்கிறது; தேநீரும் நடக்கிறது. டெட்ராய்ட் ஆட்டத்தையும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

நமக்குச் சாதகமானவற்றிலும் பாதகமானவற்றிலும் ஒரே அளவுகோலை ஏந்தும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.